நீச்சல் குளத்துக்கு வெந்நீரா? ஆமாம், வெந்நீர்தான்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்)



தலைப்பைப் பார்த்ததும் உங்களில் பாதிப் பேர் சிரித்திருப்பீர்கள். "மே மாசம் ரோட்டுல ஆம்லெட் போடலாம்கற ஊர்ல, குளத்துத் தண்ணிய சூடு பண்ணணுமாம்! பயலுக்கு வெயில் தலைக்கேறிடுச்சு" என்று யாராவது சொல்லியும் இருப்பீர்கள். சொல்லுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒரு பத்து நிமிடம் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் பெரும்பாக்கத்துக்காரன். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலையில் பஸ்ஸில் வந்தவர்களுக்கு எங்கள் ஊர் தெரியும். ஒரு பக்கம் விளம்பரப் பலகையிலேயே நீலக் கலரில் நீச்சல் குளம் காட்டும் அடுக்குமாடிகள். இன்னொரு பக்கம் கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் சென்னையின் மற்ற இடங்களிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட மக்களின் எட்டு மாடிக் குடியிருப்புகள். அன்று குடிசை மாற்று வாரியம் என்றிருந்து, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியதே, அந்த வாரியம் கட்டியவை. சுற்றி ஏரி, பள்ளிக்கரணை சதுப்பு நிலம், கால்வாய். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பகுதி எப்படி மிதந்தது என்று டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் ஜன்னலில் பார்த்தோம்.

இப்படித் தண்ணீருக்கு நடுவே வாழும் ஊரில் நீந்தத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? எங்கள் தெருவில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் காலத்தில் கிணற்றிலே சுரைக்குடுவையைக் கட்டித் தள்ளிவிட்டுத் தாத்தா கற்றுக் கொடுத்தார். இப்போது கிணறும் இல்லை, தாத்தாவுக்குத் தெம்பும் இல்லை. பிள்ளைகள் லீவு நாளில் ஏரிக்கும் பழைய கல்குவாரிக் குட்டைக்கும் தாமாகவே போகிறார்கள். அதில் சிலர் திரும்பி வருவதில்லை. தென்சென்னைப் புறநகரில் இருக்கிற யாருக்கும் இந்தச் செய்தி புதிதல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சல் கற்றுக் கொடுங்கள் என்று 2014-லேயே அந்த நிறுவனம் தனி அறிக்கை போட்டுச் சொன்னது. அதற்கு ஒலிம்பிக் குளம் வேண்டியதில்லை. பங்களாதேஷில் ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டிக் கற்றுக் கொடுத்தார்கள். வியட்நாமின் தானாங் நகரில் பள்ளி வளாகத்திலேயே தரைக்கு மேல் நிற்கும் தற்காலிகக் குளங்களை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். இரும்புச் சட்டம், கனமான பி.வி.சி. துணி, ஒரு ஃபில்டர் பம்ப், ஏற ஒரு ஏணி. பள்ளம் தோண்ட வேண்டாம், கான்கிரீட் வேண்டாம். தேவை முடிந்தால் கழற்றி மடித்து வைக்கலாம். நம் ஊரிலும் இது விற்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாள் விழாவுக்குத்தான் பெரும்பாலும் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, குளம் வேண்டும். சூடு எதற்கு? இங்கேதான் என் வாதமே இருக்கிறது.

நம் ஊரில் எல்லோரும் நீச்சல் வகுப்பு என்றால் மே மாதம் என்றுதான் நினைக்கிறார்கள். சம்மர் கேம்ப்! ஆனால் மே மாதம் பெரும்பாக்கத்தில் ஒரு குளத்தை நிரப்பிப் பாருங்கள், தெருவே சண்டைக்கு வரும். வரத்தான் வேண்டும். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, ஓ.எம்.ஆர். சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆட்களை "வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்" என்று சொன்னது மறந்துவிட்டதா? குடத்தோடு அம்மாமார்கள் லாரிக்கு நிற்கும்போது, பதினேழாயிரம் லிட்டரை ஒரு துணித் தொட்டியில் ஊற்றி "நீச்சல் பழகுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது. வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் வரை கிணறும் போரும் நிறைந்திருக்கும். குளம் வைக்க வேண்டிய மாதங்கள் அவைதான். ஆனால் அப்போது தண்ணீர் குளிர்ந்து கிடக்கும். தண்ணீர் இருக்கும் மாதத்தில் சூடு இல்லை, சூடு இருக்கும் மாதத்தில் தண்ணீர் இல்லை! இதுதான் நம் ஊர்க் கணக்கு. முதல் மாதங்களில் கொஞ்சம் சூட்டைச் சேர்த்துவிட்டால் இந்தக் கணக்கு நேராகிவிடும்.

எவ்வளவு சூடு? குளிக்கிற வெந்நீர் அளவுக்கு இல்லை. போட்டி நீச்சலுக்கு விதிப்படி 25 முதல் 28 டிகிரி போதும். பாய்ந்து பாய்ந்து நீந்துகிறவனுக்கு உடம்பே சூடு. ஆனால் ஏழு வயதுக் குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை முக்கிப் பழகும்போது அசைவே இல்லாமல் நிற்கிறது. காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். சின்ன உடம்பில் எடை குறைவு, அதற்குத் தோலின் பரப்பு அதிகம். பத்து நிமிடத்தில் உதடு நீலமாகிவிடும், மறுநாள் "நான் வரமாட்டேன்" என்று அழும். எங்கள் பக்கத்தில் ஒரு பயிற்சிக் குளத்தில் ஜனவரி மாதம் காலை ஆறரை மணிக்குத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 24 காட்டியது. கற்றுக்கொள்ளும் குழந்தைகளுக்கு 29, 30 என்று இருந்தால் நல்லது. 28 வந்தாலே வகுப்பு நடக்கும். ஆக நமக்கு வேண்டியது 4 டிகிரி. நாலே நாலு டிகிரி!

அந்த நாலு டிகிரிக்கு என்ன விலை? 15 அடி விட்டம், 4 அடி உயரச் சட்டக் குளத்தில் சுமார் 17,000 லிட்டர் பிடிக்கும். ஒரு டிகிரி ஏற்ற 17,000 கிலோ கலோரி. 860-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20 யூனிட் மின்சாரம். நாலு டிகிரிக்கு 80 யூனிட். இரண்டு கிலோவாட் வாட்டர் ஹீட்டர் ராடு போட்டால் நாற்பது மணி நேரம் எரிய வேண்டும், அதற்குள் ராத்திரி வந்து பாதிச் சூட்டைத் தின்றுவிடும். இதைவிடப் பெரிய விஷயம், தண்ணீரில் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அந்த ராடு வரவே கூடாது. "பசங்க இறங்கறதுக்கு முன்னாடி எடுத்துடுவோம் சார்" என்று ஓர் இடத்தில் என்னிடமே சொன்னார்கள். இடத்தின் பெயர் வேண்டாம். ஒரு நாள் மறந்தால்? எலெக்ட்ரிகல் பிரிவு நண்பர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார்கள்.

அதனால் சூரியன். "சோலார்" என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது நீலப் பேனல். 2012-ல் வந்த தமிழ்நாடு சூரிய சக்திக் கொள்கை, ஆண்டுக்குச் சுமார் 300 தெளிந்த வெயில் நாட்கள் நமக்கு உண்டு என்று பெருமையோடு சொல்கிறது. ஆனால் ஊரில் பேச்செல்லாம் மெகாவாட்டைப் பற்றித்தான். வெயிலை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தை மறுபடி சூடாக்குவது மூக்கைச் சுற்றித் தொடுவதுபோல. பேனலில் பிடிபடுவது ஐந்தில் ஒரு பங்கு. ஒரு சாதாரணக் கறுப்புக் குழாயில் காற்றோட்டமில்லாத இடத்தில் பாதிக்கு மேல் பிடிபடும். (ஹீட் பம்ப் என்று ஒன்று இருக்கிறது, அது பேனல் மின்சாரத்தை நாலைந்து மடங்கு சூடாக்கித் தரும், மழை நாளிலும் ஓடும். பணம் இருக்கிறவர்கள் வாங்கட்டும், அதன் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. நான் பேசுவது கையில் காசில்லாதவர்களுக்கு.)

கறுப்புக் குழாய் நமக்கு ஒன்றும் புதிதல்ல. மே மாதம் மத்தியானம் ரெண்டு மணிக்குக் குழாயைத் திறந்து கையைச் சுட்டுக்கொள்ளாதவர் இங்கே யார்? மொட்டை மாடியில் இருக்கிற கறுப்பு டேங்க்கும் அதிலிருந்து இறங்கும் பைப்பும் நாம் யாரும் கேட்காமலே வேலை செய்யும் சோலார் ஹீட்டர்தான். அமெரிக்காவில் வீட்டுக் குளங்களுக்குக் கண்ணாடி மூடாத கறுப்பு பிளாஸ்டிக் கலெக்டரைப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் நீச்சல் அரங்கத்திலேயே குளத்து நீருக்குச் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்தினார்கள்.

இங்கே கடைக்காரரிடம் போய்க் "குளத்துக்குச் சூடு" என்றால், வீட்டுக்கு விற்கும் கண்ணாடிக் குழாய் ஹீட்டரைத்தான் காட்டுவார். அது 60 டிகிரிக்குச் செய்தது. நமக்கு வேண்டியது 28. குதிரை வண்டிக்கு ரயில் எஞ்சின் பூட்டுகிற கதை. செப்புக் குழாய் கலெக்டரும் வேண்டாம். குளோரின் கலந்த நீர் செம்பை அரிக்கும், குளத்துத் துணியில் பச்சைக் கறை பிடிக்கும். அது போதாதென்று எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும். அதிகச் சூடு ஏறும் இடத்தில் அந்த உப்பெல்லாம் படிந்துகொள்ளும். பிளாஸ்டிக் குழாயில் குறைந்த சூட்டில் ஓடும் நீரில் அந்தத் தொல்லை மிகவும் குறைவு.

ஆனால் குழாய்க்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். முதலில் வாங்க வேண்டியது குழாய் அல்ல, மூடி!

தெர்மல் இன்ஜினியரிங் நோட்டைத் திறங்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாகிப் போக, 25 டிகிரியில் சுமார் 2,440 கிலோ ஜூல் வேண்டும், அதாவது முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சூட்டை அது குளத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். நம் குளத்தின் மேற்பரப்பு 16 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். குளிர்கால நாளில் 3 மில்லி மீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டாலும் 49 லிட்டர். சூட்டில் கணக்கிட்டால் 33 யூனிட். அதாவது ஒவ்வொரு நாளும் ஒன்றரை டிகிரிக்கு மேல், கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகப் போகிறது. திறந்தவெளிக் குளங்களில் போகிற மொத்தச் சூட்டில் சுமார் 70 சதவீதம் ஆவியாவதால் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. குளத்தின் மேல் குமிழ் வைத்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை மிதக்க விட்டால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும். நிறமில்லாத விரிப்பாக இருந்தால் பகல் வெயிலும் அதன் வழியாக உள்ளே போகும். அப்புறம் குளமே ஒரு பெரிய கலெக்டர்! 49 லிட்டர் என்பது மூன்று குடத்துக்கு மேல். தொண்ணூறு நாளில் நாலாயிரம் லிட்டருக்கு மேல் மிச்சம். லாரித் தண்ணீர் வாங்கிப் பழகிய ஊர்க்காரன் எனக்கு இதுதான் முதலில் கண்ணில் படுகிறது, சூடு இரண்டாவதுதான்.

"குளமே கலெக்டர்" என்பது என் கற்பனை அல்ல. குஜராத்தில் பூஜ் நகரத்துக்குப் பக்கத்தில் 6,000 சதுர மீட்டரில் ஓர் உப்புக் குளம் வெட்டி, 1993 முதல் சில ஆண்டுகள் பக்கத்துப் பால் பண்ணைக்கு வெந்நீர் கொடுத்தார்கள். அடியில் உப்பு அதிகம், மேலே உப்புக் குறைவு. அதனால் அடியில் சூடான நீர் மேலே வர முடியாமல் அங்கேயே சிறைப்பட்டுக் கிடக்கும். நம் குமிழ் விரிப்பு செய்வதும் ஒரு வகையில் அந்த வேலைதான். வந்த சூட்டை வெளியே போகவிடாமல் தடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விரிப்பு வாங்க முடியாவிட்டால் மீட்டிங் முடிந்து கிடக்கும் ஃபிளெக்ஸ் பேனரைக் கழுவி, ராத்திரி நேரத்தில் இழுத்துக் கட்டினாலும் ஓரளவு பலன் உண்டு. தலைவர்கள் படத்துக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை! ஒரே ஒரு எச்சரிக்கை. மூடி போட்ட குளம் பார்க்கத் தரை மாதிரி இருக்கும். குழந்தை அதன் மேல் கால் வைத்தால் அடியில் சிக்கிக்கொள்ளும். வகுப்பு முடிந்ததும் ஏணியை எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். வகுப்பு நேரத்தில் மூடியைப் பாதி மட்டும் சுருட்டாமல் முழுசாக எடுத்துவிட வேண்டும்.

இப்போது குழாய். குளத்தின் பரப்பில் பாதி அளவு, அதாவது 8 சதுர மீட்டர் கலெக்டர் வைப்போம். டிசம்பரில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு 4 யூனிட் வெயில், அதில் 60 சதவீதம் பிடித்தால் 19 யூனிட். ஒரு டிகிரி! மூடி மிச்சப்படுத்துவது 33, குழாய் சம்பாதிப்பது 19. ஏன் மூடியை முதலில் சொன்னேன் என்று இப்போது புரிகிறதா? சம்பாதித்ததையெல்லாம் ஓட்டைப் பையில் போடுகிறவனுக்கு இன்னொரு வேலை வாங்கிக் கொடுத்து என்ன பயன்?

16 மி.மீ. கறுப்பு லேட்டரல் பைப், சொட்டு நீர்ப் பாசனத்துக்குப் போடுவது, ஓட்டையில்லாத பிளெயின் பைப்பாகக் கேளுங்கள். விவசாயம் நடக்கிற பக்கம் போனால் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். வெயில் தாங்கக் கரி கலந்து செய்ததுதான். 8 சதுர மீட்டருக்கு 500 மீட்டர் வேண்டும். இங்கேதான் எல்லோரும் ஒரு காரியம் செய்கிறார்கள். 500 மீட்டரையும் கொசுவர்த்திச் சுருள் மாதிரிச் சுற்றி, ஒரு முனையில் விட்டு மறுமுனையில் எடுக்கிறார்கள். படம் பிடித்துப் போட அழகாக இருக்கும். ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் தூங்காதவர்கள் கணக்குப் போடுங்கள்: நிமிடத்துக்கு 30 லிட்டர் அந்த ஒற்றைக் குழாயில் போக வேண்டுமென்றால் உராய்வு இழப்பு மட்டும் 400 மீட்டர் ஹெட்டுக்கு மேல் வரும். மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டிடத்தை ஏழெட்டுத் தடவை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி அதன் உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுகிற வேலை! அதே 500 மீட்டரை 25 மீட்டராக 20 துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் பெரிய ஹெடர் பைப் வைத்து இணையாக இணைத்தால் ஒவ்வொரு துண்டிலும் இழப்பு பத்து சென்டிமீட்டர் அளவுதான். அதே குழாய், அதே காசு. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க பி.இ. பட்டம் வேண்டாம், நம் இரண்டாம் ஆண்டுப் பாடமே போதும். நீர் ஒரு மூலையில் நுழைந்து எதிர் மூலையில் வெளியேறும்படி ஹெடரை மாட்டினால் இருபது குழாயிலும் சமமாகப் போகும்.

இன்னொரு வேடிக்கை. வெளியே வரும் தண்ணீர் சுடச்சுட வந்தால் "ஆஹா, நல்லா வேலை செய்யுது" என்று கை தட்டுகிறார்கள். சுடச்சுட வந்தால் மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். குழாய் சூடாகி, அந்தச் சூட்டைக் காற்றுக்குத் தானம் செய்துகொண்டிருக்கிறது. நன்றாக வேலை செய்யும் கலெக்டரில் நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் ஒன்று, இரண்டு டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். கை வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரித் தெரியும். தெர்மாமீட்டரை நம்புங்கள், கையை நம்பாதீர்கள்.

பம்ப் அரை எச்.பி. போதும். காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை ஓடினால் 2.2 யூனிட். கொடுப்பது 2, வாங்குவது 19! மூன்று மணிக்கு மேலும் ஓட விட்டால் பகலில் ஏறியதைக் குழாயே வெளியே விட்டுவிடும், அதனால் ஒரு டைமர். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். கலெக்டரைத் தரையிலோ தாழ்ந்த ஷெட் கூரையிலோ தெற்குப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். உயரமான மாடியில் வைத்தால் பம்புக்கும் பாரம், நிறுத்தும்போது குழாய் உறிஞ்சிக்கொண்டு சப்பிப்போகும்.

மாடி என்றதும் சிவில் நண்பர்களுக்காக ஒரு வரி. "மொட்டை மாடியிலேயே குளத்தை வெச்சுட்டா?" என்று கேட்பவர்கள் அதிகம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் சதுர மீட்டருக்கு ஒரு டன். நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஆறேழு மடங்கு! தயவுசெய்து வேண்டாம். தரையிலேயே, டியூப் லெவல் பிடித்து, மணல் பரப்பிச் சமமாக வையுங்கள். எங்கள் ஊர்க் களிமண் மழையில் இளகும். ஒரு பக்கம் இறங்கினால் சட்டம் சாய்ந்து, பதினேழு டன் தண்ணீர் ஒரே பக்கம் பாயும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்றால், நவம்பர் மழையில் நடக்காது. மேகம் மூடிய வாரத்தில் சூரியனும் லீவு, வகுப்பும் லீவு. நான் சொல்வது டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை. மார்ச்சில் குழாயைக் கழற்றிவிடலாம், வெயிலே பார்த்துக்கொள்ளும். ஏப்ரலில் குளோரின் போடுவதை நிறுத்திச் சில நாள் விட்டு அந்தத் தண்ணீரை மரங்களுக்குப் பாய்ச்சிவிட்டு, துணியை மடித்து வைத்துவிடலாம். மே மாதச் சண்டையே வராது.

இதை ஏன் மலரில் எழுதுகிறேன் என்றால் நம் புராஜெக்ட் விஷயம் இருக்கிறதே, அதற்காக. மனம் புண்பட வேண்டாம், உண்மையைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ஆறாவது செமஸ்டரில் என்ன நடக்கிறது? ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து, புராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாக ஒரு மாடல் வாங்கி, அதற்கான ரிப்போர்ட்டையும் அவர்களிடமே பைண்டிங் செய்து, வைவா அன்று "சார்... இது வந்து சார்..." என்று நிற்கிறோம். பரீட்சை முடிந்ததும் அந்த மாடல் லேப் மூலையில் தூசி படிகிறது. போன வருஷத்து மாடலுக்குப் பெயின்ட் அடித்து இந்த வருஷம் கொண்டுவந்த கதையும் நம் எல்லோருக்கும் தெரியும். வாங்குகிற மாணவனை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஓடுகிற ஒன்றைச் செய்ய இடமும் நேரமும் கேட்டால் "அதெல்லாம் எதுக்குப்பா, மார்க் வருதுல்ல" என்கிற பேச்சுதான் வருகிறது.

இந்தக் குளத்தில் மெக்கானிகலுக்கு ஹீட் டிரான்ஸ்ஃபர் இருக்கிறது, சிவிலுக்குத் தளமும் லெவலும் இருக்கிறது, எலெக்ட்ரிகலுக்கு பம்பும் எர்த்திங்கும் இருக்கிறது, எலெக்ட்ரானிக்ஸுக்கு இரண்டு சென்ஸார் வைத்து வித்தியாசம் பார்த்து பம்பை ஓட்டும் சர்க்யூட் இருக்கிறது. ஒரே புராஜெக்டில் நாலு பிரிவும் சேர்ந்து வேர்வை சிந்தின வரலாறு நம் கல்லூரியில் உண்டா? ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது. முதல் வருஷம் அங்கே ஓட்டிப் பார்ப்போம். சொன்ன கணக்கு வருகிறதா, வரவில்லையா என்று ஊருக்குத் தெரியட்டும். வந்தால் அடுத்த வருஷம் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் கேட்டு, தலைமையாசிரியர் அனுமதியோடு, பயிற்சி பெற்ற கோச்சும் கூடவே ஒரு காவலாளும் இருந்தால் மட்டும், பிள்ளைகளை இறக்கலாம். ஆள் இல்லையென்றால் குளம் மூடியே இருக்கட்டும், அதில் நான் பிடிவாதக்காரன்.

"நீச்சல் குளம் பணக்காரன் சமாச்சாரம்ப்பா, நமக்கெதுக்கு?" என்று என் அத்தையே கேட்டார். 2015-ல் இடுப்பளவுத் தண்ணீரில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர். "அத்தை, அன்னிக்கு உங்களுக்கு நீந்தத் தெரிஞ்சிருந்தா பயம் கொஞ்சம் குறைஞ்சிருக்குமா இல்லையா?" என்றேன். "அது சரி, ஆனா பச்சத்தண்ணியில பசங்கள எறக்காதே, சளி பிடிக்கும்" என்றார். சளிக்கும் பச்சைத் தண்ணீருக்கும் உள்ள உறவைப் பற்றி டாக்டர்கள் என்ன சொன்னாலும், அத்தைமார்கள் ஒப்புக்கொள்ளாமல் எந்தப் பிள்ளையும் குளத்துக்கு வராது. ஆக அந்த நாலு டிகிரி அத்தைக்காகவும்தான்.

மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் சின்னது. குளத்துக்கு இந்த வருஷமே பணம் கேட்கவில்லை. ஒரு 500 லிட்டர் கறுப்பு இல்லாத தொட்டி இரண்டு, ஒரு துண்டு குமிழ் விரிப்பு, இரண்டு தெர்மாமீட்டர், இவ்வளவுதான் வேண்டும். ஒன்றை மூடியும் ஒன்றைத் திறந்தும் வைத்து, டிசம்பர் 15 முதல் ஜனவரி 31 வரை காலை ஆறரைக்கும் மாலை நாலுக்கும் அளந்து, ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுத வேண்டும். நீர்மட்டம் எத்தனை மில்லி மீட்டர் இறங்கியது என்பதையும் எழுத வேண்டும். காலை முறைக்கு நான் வருகிறேன், என் வீடு பக்கம். மாலை முறைக்கு ஹாஸ்டல் நண்பர்கள் மூன்று பேர் தேவை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஒர்க்‌ஷாப் நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடலாம்.